மலையேறும் காரும் ஒரு துண்டு மெழுகும்

ஆடி அமாவாசை முடிந்த கையோடு பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பெரியவங்க நாலு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர், பொங்கப் பானையிலிருந்து அரிசி வரை சாமான். சொரிமுத்தையனார் கோயிலுக்குக் காரில் புறப்பட்டோம். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி ஏறும்போது ஹீட் முள் சிவப்புக்குப் போயிட்டு. மச்சான் ஏ.சி.யை அணைச்சுட்டு ஹீட்டரைப் போடச் சொன்னார். உள்ளே அனல், ஆனா முள் இறங்கிச்சு. மறுநாள் மெக்கானிக் ஒரு சின்ன சாமானைக் கழற்றி, ‘நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி? எடுத்துட்டேன், இனி ஹீட்டே ஆகாது’ன்னு கையில் கொடுத்துட்டார். யார் செஞ்சது சரி?”

மச்சான் செய்தது சரி. மெக்கானிக் செய்தது தப்பு. அவர் கழற்றிய சாமான் தெர்மோஸ்டாட் வால்வு. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் நல்லது.

முதலில் சூட்டுக் கணக்கு. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். மிச்சப் பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்க வேண்டும். ஆறு பேரும் சாமானும் ஏறிய சின்ன கார் மலைப் பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூலண்ட் சுமக்க வேண்டிய வெப்பம் சுமார் 11 கிலோவாட். 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஐந்தாறை முழு வேகத்தில் வைத்தது போல.

இதே கார் நாங்குநேரி பக்கம் நாற்கரச் சாலையில் 80-இல் ஓடும்போதும் கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம்தான் வரும். ஆனால் அங்கே ரேடியேட்டர் முகத்தில் 80 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கிறது. மலையில் 30. ஆக, மலையில் வண்டி கொதிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கூடுதல் சூடு இல்லை, போதாத காற்று. பருவநிலை பற்றியும் ஒரு வார்த்தை. கூலண்ட் 90 டிகிரி என்றால், 40 டிகிரி சித்திரை வெயிலில் வித்தியாசம் 50. 28 டிகிரி சாரலில் 62. கால் பங்குதான் கூடுதல் லாபம். சாரல் அடிக்கிறதே, வண்டி எப்படி ஹீட் ஆகும் என்று குற்றாலம் சீசனில் பலர் கேட்கிறார்கள். இப்படித்தான் ஆகும்.

இனி அந்தச் சின்ன சாமான். கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் நிற்கும் கதவு அது; எஞ்சின் சூடேறிய பிறகுதான் திறக்கும். உள்ளங்கையில் அடங்கும். நடுவில் ஒரு வட்டத் தட்டு, அதற்கு ஒரு ஸ்பிரிங், கீழே விரல் நுனி அளவில் ஒரு பித்தளைக் குப்பி. வயர் கிடையாது, மோட்டார் கிடையாது. குப்பிக்குள் இருப்பது மெழுகு, அதுவும் செப்புத் தூள் கலந்த மெழுகு. மெழுகு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். குப்பியின் நடுவரைக்கும் சூடு சட்டென்று போய்ச் சேரத்தான் செம்பு.

அச்சில் ஊற்றிய மெழுகுவர்த்தி ஆறியதும் நடுவில் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். திடமாகும்போது மெழுகு சுருங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. திருப்பிப் பார்த்தால், உருகும்போது விரிகிறது. அந்த விரிவு 10 முதல் 15 சதவீதம். தண்ணீருக்குத் தலைகீழ்க் குணம். பனிக்கட்டி உருகினால் சுருங்கும். மூடிய குப்பிக்குள் மெழுகு விரிந்தால் எங்கே போகும்? குப்பியின் வாயில் ஒரு ரப்பர் உறை, அதற்குள் பென்சில் முனைபோல் சீவிய எஃகு ஊசி. உருகிய மெழுகு நாலாபுறமும் ரப்பரை அழுத்த, ரப்பர் ஊசியை நெரிக்கிறது. எண்ணெய்க் கையில் இறுக்கிப் பிடித்த புளியங்கொட்டை எப்படி நழுவி வெளியே பாயும்? ஊசியும் அப்படித்தான் பாயப் பார்க்கிறது. ஆனால் அதன் மறுமுனை சட்டத்தில் முட்டி நிற்கிறது. ஊசி நகர முடியாது. அதனால் குப்பி பின்வாங்குகிறது. குப்பியோடு ஒட்டிய தட்டும் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு இறங்க, ரேடியேட்டருக்கு வழி திறக்கிறது. முழுத் திறப்பு 8 மில்லிமீட்டர் அளவுதான். கூலண்ட் ஆறினால் மெழுகு உறைந்து சுருங்கும்; ஸ்பிரிங் தட்டை மறுபடி மூடும்.

எந்த மெழுகு என்பதில்தான் சூட்சுமம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைகிறது, அதனால்தான் மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது. சாதாரண மெழுகுவர்த்தி 60 டிகிரிக்குள் உருகிவிடும். கார்பன் சங்கிலி நீள நீள உருகுநிலை ஏறும். எனவே நீளமான சங்கிலிகளைத் தேர்ந்து கலந்தால் 82-இல் திறக்கும் வால்வும் செய்யலாம், 88-இல் திறப்பதும் செய்யலாம். பல வால்வுகளில் அந்த எண்ணைப் பொறித்தே இருப்பார்கள். கலவை என்பதால் எல்லாம் ஒரே நொடியில் உருகாது. 82-இல் மெல்லத் திறக்கத் தொடங்கி 95 வாக்கில் முழுக்கத் திறக்கும். அந்த இடைவெளிதான் வரம். பட்டென்று திறந்து பட்டென்று மூடினால் எஞ்சினுக்குள் குளிரும் கொதிப்பும் மாறி மாறிப் பாயும். இங்கே தட்டு, வண்டியின் சுமைக்குத் தகுந்தபடி கால் திறப்பு, அரைத் திறப்பு என்று ஓரிடத்தில் நின்றுகொள்கிறது. ஒரு துளி மின்சாரம் இல்லாமல்!

மெழுகுக்கு முன்னால், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த சுருள் பெட்டிகள்தான் இந்த வேலையைப் பார்த்தன. ரேடியேட்டருக்கு அழுத்த மூடி வந்ததும் அவை திணறின. வெளி அழுத்தம் ஏறினால் ஆவிப் பெட்டி நசுங்கும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. மெழுகு அப்படி நசுங்காது. செர்ஜியஸ் வெர்னட் 1930களில் கொண்டுவந்த இந்தக் குப்பி அதனால்தான் நிலைத்துவிட்டது. குளியலறையில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து தரும் சில குழாய்களுக்குள்ளும் இதே மெழுகுதான் இருக்கிறது. புதிய சில கார்களில் மெழுகுக்குள் சின்ன ஹீட்டர் கம்பி வைத்து, ஏற்றம் வரும்போது கம்ப்யூட்டரே முன்கூட்டித் திறக்க வைக்கிறது. அப்போதும் தள்ளுவது மெழுகேதான்.

இப்போது மெக்கானிக்கின் வாதம். “வெயில் ஊருக்கு வேண்டாம்” என்கிறார். எஞ்சினுக்குப் பிடித்த சூடு 90 டிகிரி. நம் ஊர் வெயில் 40. எஞ்சினின் பார்வையில் திருநெல்வேலியும் குளிர்ப் பிரதேசம்தான். வால்வை எடுத்துவிட்டால் காலையில் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆகும். இன்னும் குளிர்ச்சி தீரவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும், மைலேஜ் குறையும். ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, தேய்மானத்தைக் கூட்டும். சூடு எல்லை மீறி ஏறும்போதோ, வால்வு எப்படியும் முழுக்கத் திறந்துதான் இருக்கும். அப்போது அதை எடுத்ததால் லாபம் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. பல வண்டிகளில் குப்பியின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்கே திரும்புகிறது. மேல்தட்டு திறக்கத் திறக்க, அடித்தட்டு அந்தக் குறுக்கு வழியை அடைக்கிறது. ஒரு ஷட்டர் ஏறும்போது இன்னொன்று இறங்கும் கால்வாய் மடை மாதிரி. மொத்தமாகப் பிடுங்கி எறிந்தால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். தண்ணீர் சுலபமான வழியில்தானே ஓடும்? கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினைச் சுற்றி வரும். ஹீட் ஆகக் கூடாது என்று கழற்றியதே அடுத்த மலையில் ஹீட் ஆவதற்குக் காரணமாகிவிடும்.

அதற்காக வால்வு பழுதாகவே ஆகாது என்று சொல்லவில்லை. குப்பி கசிந்து மெழுகு போய்விட்டால் தள்ள ஆள் இல்லை. ஸ்பிரிங் மூடியே வைத்திருக்கும். உப்புப் படிந்து ஊசி பிடித்துக்கொண்டாலும் அதே கதை. எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் அடிப்பகுதி சில்லென்று இருந்தால் மூடியே நின்ற வால்வு அல்லது ஓடாத வாட்டர் பம்ப், இரண்டில் ஒன்று. வண்ணார்பேட்டை நெரிசலில் மட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைப் பார்க்க வேண்டும். வேகமாகப் போகும்போதும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். வெந்நீர் அண்டாவின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்குத்தான் ரேடியேட்டர் குழாயிலும் பிடிக்கிறது. அது அலுமினியத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மோசமாக வெப்பம் கடத்தும். கண்ணேறுக்காக முன்னால் கட்டும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் காற்றை மறைப்பதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அதன் பின்னால் ரேடியேட்டர் இடுக்கில் அப்பிக் கிடக்கும் பூச்சியையும் செம்மண்ணையும் வருடம் ஒருமுறை மெல்லிய தண்ணீர் பீச்சலில் கழுவினால் போதும்.

மச்சான் வைத்தியத்துக்கு வருவோம். ஏ.சி.யின் சூடான கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் நிற்கிறது. அணைத்தால் ரேடியேட்டருக்குக் கொஞ்சம் குளிர்ந்த காற்றும் எஞ்சினுக்குக் கொஞ்சம் இளைப்பாறலும் கிடைக்கும். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். கண்ணாடிகளை இறக்கி, புளோயரை முழு வேகத்தில் வைத்தால் அது சில கிலோவாட்டை வெளியே இழுத்துவிடும். ஹீட்டர் போட்டும் குளிர்ந்த காற்றே வந்தால் கவனம்: கூலண்ட் ஒழுகிப் போயிருக்கலாம். சென்சார் தண்ணீரில் மூழ்காமல் ஆவியில் நின்றால் முள்ளும் பொய் சொல்லும். அப்போதும், ஆவி தெரிந்தாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும் ஓரமான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அதிகச் சூட்டில் சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல் மூடி) 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே பல எஞ்சின்களில் அது வரம்பு. தலைமுடியைவிட மெல்லிய அளவு அது. முண்டந்துறைக் காட்டுக்குள் என்றால் பிள்ளைகளை வண்டியைவிட்டு விலக விடாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பதற்கு எண்கள் இதோ. மூடியில் 1.1 என்று இருந்தால், வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் 1.1 பார் (அழுத்த அலகு) வரை உள்ளே தாங்கும். குக்கர் மாதிரியே, அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடி திறந்ததும் அழுத்தம் போய், 120 டிகிரித் தண்ணீர் ஒரே நொடியில் 100-க்கு இறங்க வேண்டும். அந்த மிச்ச வெப்பம் 5 லிட்டரில் ஏறக்குறைய 185 மில்லியை ஆவியாக்கும். 185 மில்லி தண்ணீர் 300 லிட்டர் ஆவி. அதுதான் முகத்தில் அடிப்பது. அரைமணி, முக்கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு துணியால் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள்; கல்லாக இருந்தால் இன்னும் அழுத்தம் உண்டு. தளர்ந்திருந்தால் மடித்த துண்டைப் போட்டுக் கால் சுற்று திருப்பி, சீறல் அடங்கிய பிறகு முழுக்கத் திறக்கலாம். அவசரத்துக்குத் தாமிரவருணித் தண்ணீர் போதும். ஆனால் எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சூடான ஹெட்டில் மொத்தமாகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலண்டில் உள்ள எதிலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். வடித்ததை நாயும் பிள்ளைகளும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

கழற்றிக் கொடுத்த வால்வு கையில் இருக்கிறதே, சோதித்துப் பாருங்கள். சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் தண்ணீர், சமையல் தெர்மாமீட்டர், ஒரு நூல். வால்வை அடியில் படாமல் தொங்கவிட்டு, தட்டின் இடுக்கிலேயே நூலைக் கவ்வ வையுங்கள். சிறு தீயில் கலக்கிக்கொண்டே இருந்தால், பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் தட்டு லேசாக இறங்கி நூலை விட்டுவிடும். வால்வு ‘டொக்’ என்று பாத்திரத்துக்குள் விழும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதே உங்கள் விடை. கொதித்தும் விழவில்லையா, புதிது வாங்குங்கள். விழுந்தால் நல்லது, திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள், புது கேஸ்கெட்டோடு. தட்டின் ஓரத்தில் ஆடும் குட்டி ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். சிக்கிய காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேறும்.