மொஹிட்டோ கேட்ட தம்பியும் வைன் கேட்ட மாமாவும்

போன சீசனில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கிண்ணியாவில் இருந்து நான்கு பொடியன்கள் எங்கள் ஹோட்டலுக்கு வந்திருந்தார்கள். ஒருவனுக்குப் பிறந்தநாள். மெனுவைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான்: "அண்ணன், நாலு மொஹிட்டோ." நான் புதினாவை எடுத்துக் கழுவி, தேசிக்காய் வெட்டி, கிளாஸ்களை வரிசையாக வைத்துவிட்டேன். வெள்ளை ரம் போத்தல் கையில். ஊற்றுவதற்கு முன் ஏதோ ஒரு யோசனையில் கேட்டேன்: "தம்பி, இது ரம் போட்டது. தெரியும்தானே?"

அவன் முகம் மாறிவிட்டது. "இல்லண்ணன், டவுன்ல ஜூஸ் கடையில குடிக்கிற மாதிரித்தான் கேட்டது. நாங்க குடிக்கிறதில்ல."

அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. திருகோணமலை நகரத்தில் ஜூஸ் கடையிலும் ஐஸ்கிரீம் கடையிலும் மொஹிட்டோ என்று விற்பது புதினா, தேசிக்காய், சோடா, சீனிப்பாணி. அவ்வளவுதான். அதே பெயருக்குக் கடற்கரை பாரில் நாங்கள் 45 மில்லிலீட்டர் ரம் ஊற்றுகிறோம். நிறம் ஒன்று, வாசம் ஒன்று, பெயரும் ஒன்று. குடித்த பிறகுதான் அந்தப் பிள்ளைகளுக்கு விளங்கியிருந்தால், அதற்கு நான் எப்படிப் பதில் சொல்லியிருப்பேன்? அன்றைக்கு இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் பதினான்கு வருடமாகப் பார்மனாக வேலை செய்கிறேன். குடியுங்கள் என்றோ குடிக்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. என் முன்னால் வந்து இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கிளாஸில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. அது எனக்கு நெடுநாள் கவலை.

நம் ஆட்களிடம் ஆழமாக ஊறிய ஒரு எண்ணம் உண்டு. சாராயம் என்றால் குடி, பியர் என்றால் அரைக் குடி, வைன் என்றால் குடியே இல்லை. கொக்டெயில் என்றால் கலர் தண்ணீர். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தங்கள் வருவார்கள். ஊரில் இருக்கும் மச்சான், மச்சாள், மாமா எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஹோட்டலுக்குச் சாப்பிட வருவார்கள். அந்த மேசைகளில்தான் இந்த எண்ணத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு முறை அப்படி வந்த ஒரு மாமாவுக்கு அறுபது வயது இருக்கும். நல்ல மனிதர். சாராயத்தை விட்டு நாலு வருடம் என்று பெருமையாகச் சொன்னார். "வைன் மட்டும்தான் தம்பி, டொக்டர்மாரே இதயத்துக்கு நல்லம் என்று சொல்லுகினம்." நான் அளந்து 150 மில்லி ஊற்றினேன். பெரிய கிளாஸில் அது அடியில் கிடந்தது. "என்ன இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

அவருக்குக் கணக்கைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன், இது கடினமான கணக்கு இல்லை. கிளாஸில் உள்ள மில்லிலீட்டரை, போத்தல் லேபலில் இருக்கும் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். வருவது சுத்தமான அற்ககோலின் அளவு. அதை 0.8ஆல் பெருக்கினால் கிராம்.

வைன் 150 மில்லி, 13 சதவீதம்: 19.5 மில்லி சுத்த அற்ககோல், கிட்டத்தட்ட 16 கிராம். தென்னஞ் சாராயம் ஒரு டபுள், அதாவது 50 மில்லி, 36 சதவீதம்: 18 மில்லி, 14 கிராம். மாமா நாலு வருடமாக விட்டுவிட்டதாக நினைத்த டபுள் சாராயம், நான் ஊற்றிய அந்த ஒரு கிளாஸ் வைனுக்குள் முழுதாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

இதயத்துக்கு நல்லது என்ற கதையும் பழையதாகிவிட்டது. இவ்வளவு வரைக்கும் குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1988இலேயே உறுதியாகிவிட்ட விஷயம். சிவப்பா வெள்ளையா, விலை கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது அந்தக் கிராம் கணக்கு மட்டும்தான்.

வைன் பற்றி இன்னும் ஒன்று. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் கொடுக்க வேண்டும் என்பார்கள். அந்த அறை ஐரோப்பாவில் உள்ள அறை, 16 முதல் 18 பாகை. ஜூலை மாதத்துத் திருமலையில் வெளியே வைத்த போத்தல் 30ஐத் தாண்டிவிடும். சூட்டில் அற்ககோல் மூக்கில் அடிக்கும், சுவை கெட்டுவிடும். திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலே மூன்று முதல் ஐந்து நாள்தான். கிளாஸ் கணக்கில் வைன் வாங்கினால் போத்தல் எப்போது திறந்தது என்று கேளுங்கள். புளித்த காடி வாசம் வந்தால் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, கொக்டெயிலுக்கு வருவோம்.

நல்ல கொக்டெயில் செய்வது கைத்தொழில். நான் அதை நேசித்துத்தான் செய்கிறேன். ஆனால் அந்தத் தொழிலின் அடிப்படையே மதுவின் எரிவை மறைப்பதுதான். சீனி கசப்பை மறைக்கும். தேசிக்காய்ப் புளி மதுவின் காரத்தை மறைக்கும். தேங்காய்ப்பால் தொண்டையில் ஒரு படலம் மாதிரிப் போகும். ஐஸ் நாக்கை மரக்கச் செய்யும். பீனா கொலாடாவை எடுங்கள்: 50 மில்லி ரம், அன்னாசிச் சாறு, தேங்காய்ப்பால். நம் வீட்டுப் பாயாசத்துக்குப் பழகிய நாக்குக்கு அது பலகாரம் மாதிரி. 16 கிராம் அற்ககோல் உள்ளே போனதை நாக்கு சொல்லாது. அதோடு ஸ்ட்ரோ வைத்துக் கொடுப்போம். வெயிலில் புறாத்தீவுக்குப் போய் நீந்திவிட்டுத் தாகத்தோடு வருகிறவர் ஐந்து நிமிடத்தில் உறிஞ்சி முடித்துவிடுவார். சாராயத்தை யாரும் ஐந்து நிமிடத்தில் அப்படிக் குடிப்பதில்லை, தொண்டை விடாது.

லோங் ஐலண்ட் ஐஸ் டீ என்று ஒன்று இருக்கிறது. அதில் தேயிலை ஒரு துளியும் இல்லை. வொட்கா, ஜின், ரம், டெக்கீலா, தோடம்பழ லிக்கர், ஒவ்வொன்றும் 15 மில்லி, மேலே கோலா. முறைப்படி அளந்து செய்தாலே 24 கிராம். அளவுக்கிண்ணம் இல்லாமல் கண் மதிப்பில் ஊற்றுகிற இடத்தில் ஒவ்வொன்றும் 25 மில்லி ஆகிவிட்டால் 40 கிராம். ஒரே கிளாஸில் கிட்டத்தட்ட மூன்று டபுள் சாராயம். "ஐஸ் டீ" என்ற பெயரைப் பார்த்து, குடிக்காத தன் மனைவிக்காக ஒருவர் அதை ஓர்டர் பண்ணியதை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ஓர்டர் எடுத்த தங்கச்சி வந்து என்னிடம் கேட்டாள்.

அதனால் இளம் பார்மன்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், ஜிக்கரை, அதாவது அந்த அளவுக்கிண்ணத்தை, கீழே வைக்காதீர்கள். கொஞ்சம் கூட ஊற்றினால் விருந்தாளி சந்தோசப்படுவார், டிப்ஸ் கூடும் என்று எனக்கும் தொடக்கத்தில் சொல்லித் தந்தார்கள். அது உபசாரம் இல்லை. மனிதர் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருப்பார், இரண்டோடு நிறுத்துவேன் என்று. நீங்கள் கூட்டி ஊற்றினால் அந்தக் கணக்கை அவருக்குத் தெரியாமல் உடைக்கிறீர்கள். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது கொடுப்பது 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

இனிச் சொல்லப்போவது என்னை மாற்றிய சம்பவம். அப்போது நான் வேறொரு ஹோட்டலில் இருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தனியாக, பின்னேரம் நாலு மணியில் இருந்து பாரில் இருந்தார். இரண்டு கொக்டெயில், பிறகு ஒரு சாராயம். கொறிக்கப் பைட்ஸ்கூட வேண்டாம் என்றார். ஆறரை மணிக்கு அவர் பேச்சு குழறத் தொடங்கியது. கை நடுங்கியது. சேர்ட் முழுக்க வியர்வை, ஆனால் ஏசிக்குக் கீழேதான் இருந்தார். "அண்ணைக்கு நல்ல வெறி, அப்படியே படுக்க விடுங்கோ" என்று ஒருவர் சொன்னார். நாங்களும் அவரை ஒரு சோபாவில் சாய்த்துவிட்டோம்.

எனக்கு அந்த வியர்வை பொருந்தவில்லை. மூன்று கிளாஸுக்கு இவ்வளவு வெறி வராது என்றும் தோன்றியது. தொட்டுப் பார்த்தேன், தோல் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. சேர்ட் பையில் குளிசை அட்டை. பக்கத்து மேசையில் இருந்த ஒரு நேர்ஸ் அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "இது சுகர் குளிசை. ஆளுக்குச் சீனி இறங்கிவிட்டது. விழுங்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா பாருங்கோ."

இருந்தார். பார் மேசையில் இருந்த சீனிப்பாணியைத் தண்ணீரில் கலந்து, நிமிர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பத்து நிமிடம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "என்ன நடந்தது?" என்று தெளிவாகக் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விடிய விடியச் சோபாவில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் நெஞ்சு பதறுகிறது.

இரத்தத்தில் சீனி குறையும்போது ஈரல்தான் சீனி செய்து கொடுக்கும். அற்ககோல் உள்ளே போனால் ஈரல் அதை உடைக்கும் வேலையில் மாட்டிக்கொள்கிறது, சீனி செய்யும் வேலை தடைப்படுகிறது. அதோடு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுத்து, வெறும் வயிற்றில் குடித்தால் சீனி சரசரவென்று இறங்கும். சில நேரம் அடுத்த நாள் காலையில்கூட இறங்கும். பார்க்கிறவருக்கு அது அச்சாக வெறி மாதிரியே தெரியும். உங்கள் வீட்டில் சுகர் வருத்தக்காரர் யாராவது கொண்டாட்டத்தில் குடிக்கிறார் என்றால், பக்கத்தில் இருக்கும் ஒருவருக்காவது அவர் குளிசை எடுப்பது தெரிந்திருக்கட்டும். சாப்பிட்டுவிட்டே தொடட்டும். தடிமனுக்குப் போடும் பிரிட்டோன், நித்திரைக் குளிசை இவற்றோடு மது சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும், அதையும் மறக்க வேண்டாம்.

எழுப்ப முடியாமல் கிடப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, சீனித் தண்ணீரும் கூடாது. மல்லாக்கப் படுக்க விடாமல் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். சத்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வந்தால் உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "ஹோட்டல் பெயர் கெட்டுவிடும்" என்று தயங்கிய மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரை விடப் பெரிய பெயர் எந்த ஹோட்டலுக்கும் இல்லை.

களவாகக் காய்ச்சும் கசிப்பைப் பற்றி ஒரு வரி. மெதனோல் கலந்த மதுவை நிறத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்க முடியாது. கண் பார்வை போகும், உயிரும் போகும். மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இல்லாத போத்தலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொட வேண்டாம்.

கடைசியாக, வீடு திரும்பும் விஷயம். நிலாவெளியில் இருந்து டவுனுக்குப் பதினைந்து கிலோமீட்டர் வரும். இரவில் ரோட்டில் மாடு படுத்திருக்கும், வெளிச்சம் இல்லாத இடங்களும் உண்டு. கோப்பி குடித்தால் தெளியும், தலையில் தண்ணீர் ஊற்றினால் தெளியும் என்று சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள். கோப்பி நித்திரையைக் கலைக்கும், இரத்தத்தில் இருக்கும் அற்ககோலைத் தொடாது. எனர்ஜி டிரிங்கில் வொட்கா கலந்து குடிப்பவர்களுக்கும் இதே கதிதான், வெறி இருக்கிறது, வெறி இருப்பது மட்டும் தெரியாது. ஈரல் ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் உடைக்கும். அதை அவசரப்படுத்த வழியே இல்லை.

என் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் புறாத்தீவுக்கு வள்ளம் ஓட்டுகிறான். காலை ஏழு மணிக்கு முதல் பயணம், வள்ளத்தில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி 625 மில்லி ஸ்ட்ரோங் பியர் இரண்டு குடித்ததாகச் சொன்னான். "இரவுதானே அண்ணை, படுத்து எழும்பிட்டன், இப்ப ஓகே." ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். 8.8 சதவீதம், ஒரு போத்தலில் 44 கிராம், இரண்டில் 88. மணிக்கு 10 கிராம் போனால் விடிய ஐந்து மணிக்குத்தான் முடியும். 7 கிராம்தான் போனால் எட்டரை தாண்டும். அவன் கடதாசியை இரண்டு முறை வாசித்தான். பிறகு போனை எடுத்து, "மச்சான், இண்டைக்கு முதல் ட்ரிப் நீ எடு, நான் ஒன்பது மணிக்கு வாறன்" என்றான்.