மிஷின் இருக்கும்போது கம்பி எதற்கு?

“இன்னா டாக்டர், மிஷின் ரிப்பேரா? கம்பிய வெச்சி நோண்டினு இருக்கீங்க?” தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் பல் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு பல்லைச் சுத்தம் செய்யும்போது இது பழகிப்போன கேள்வி. வாயைப் பிளந்து வைத்திருக்கும்போதும் எப்படியோ கேட்டுவிடுவார்கள்.

நியாயமான கேள்விதான். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர் என்ற மிஷின் கையில் இருக்க, வளைந்த எஃகுக் கம்பி எதற்கு? வேகத்தில் மிஷினை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஈறுக்கு அடியில் நடப்பது கண்ணால் பார்த்துச் செய்கிற வேலையே இல்லை. அங்கே விரலுக்குத்தான் கண் வேண்டும். அதிர்ந்துகொண்டே இருக்கும் கருவியில் விரலுக்கு வரும் தகவல் பாதி மங்கிவிடும். தண்ணீர்த் துளிகள் காற்றில் பறக்கும் தொல்லையும் உண்டு. காசநோய் உள்ளவருக்கு மிஷினைத் தவிர்ப்பதும், 2020இல் கொரோனா வந்தபோது பல கிளினிக்குகள் கைக்கருவிக்குத் திரும்பியதும் அதனால்தான்.

முதலில், பல்லில் கல்லாக இறுகிப் படியும் காரையைப் பற்றிக் கொஞ்சம். மீஞ்சூர், எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர்கள் “எங்க ஏரியா உப்புத் தண்ணி” என்பார்கள். அங்கே நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது உண்மைதான். பல்லில் காரை படிவதற்கு அந்தத் தண்ணீர் தேவையில்லை, எச்சிலே போதும். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தைத் துலக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கிச் சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். எச்சில் சுரந்து வரும் துளை எங்கே இருக்கிறதோ அங்கே காரை அதிகம்: கீழ் முன்பற்களின் உட்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். இது மஞ்சளாக, கண்ணுக்குத் தெரியும். ஈறுக்கு அடியில் படிவது வேறு ரகம். ஈறிலிருந்து கசியும் நீரிலும் ரத்தத்திலும் ஊறிக் கறுத்து, வேரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கருவிகளில் இரண்டு குடும்பம். சிக்கிள் ஸ்கேலர் என்பது கூர்முனை கொண்டது, குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம். ஈறுக்கு மேலே இதுதான் ராஜா. கீழே கொண்டுபோனால் சதையைக் குத்திவிடும். அங்கே க்யூரெட் வேண்டும். அதன் முனையும் முதுகும் உருண்டை, குறுக்குவெட்டு அரைவட்டம். அமெரிக்காவின் மிச்சிகனில் கிளேட்டன் கிரேஸி என்ற பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வளைவு கொடுத்து உருவாக்கிய க்யூரெட்டுகள் இன்றும் 1 முதல் 14 வரை அவர் பெயரிலேயே புழங்குகின்றன. கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11, 12. பின்பக்கத்துக்கு 13, 14. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கொர்டோபாவில் வாழ்ந்த மருத்துவர் அபுல் காசிம் அல் ஸஹ்ராவியும் தன் அறுவை மருத்துவ நூலில் 14 சுரண்டும் கருவிகளைத்தான் வரைந்து வைத்தார். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

சரி, பிடிப்புக்கு வருவோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே பிடியில், நடுவிரலின் சதை கருவியின் கழுத்தில், மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றி. இந்த ஊன்றுதல் இல்லாமல் கருவியை உள்ளே விடவே கூடாது. நோயாளி சட்டென்று தலையைத் திருப்பினாலும் கை அவரோடு சேர்ந்தே நகரும், கத்தி வழுக்காது. நடுவிரலுக்கு வேறு வேலை: வேரின் மேல் கருவி ஊரும்போது வரும் சின்னச் சின்ன நடுக்கத்தை வாங்குவது. இறுக்கிப் பிடித்தால் அந்த நடுக்கம் தெரியாது. அதனால் தேடும்போது பிடி தளர்வாக இருக்கும். காரை தட்டுப்பட்டதும் இறுகும், ஒரு இழுப்பு முடிந்ததும் மறுபடி தளரும்.

இதில் மூளை வேலை செய்யும் இடம் கோணம். க்யூரெட்டின் தட்டையான முகத்தை வேரோடு படுக்கவைத்து, கிட்டத்தட்ட 0 பாகையில், ஈறுக்குள் நுழைத்து அடிவரை போக வேண்டும். காரைக்கு அடியில் போன பிறகு முகத்தைத் திறந்து 60 முதல் 80 பாகைக்குள் நிறுத்தி மேல்நோக்கி இழுக்க வேண்டும். காசிமேட்டில் மீன் செதில் சீவுகிறவர் கத்தியைச் சாய்ப்பதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். 45 பாகைக்குக் கீழே போனால் விளிம்பு கடிக்காமல் காரையின் மேல் வழுக்கி ஓடும். 90ஐத் தாண்டினால் ஈறைக் கிழிக்கும்.

வழுக்குவது கிழிப்பதைவிட மோசம் என்பேன். கிழித்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வழுக்கினால் காரையின் மேல்பரப்பு மட்டும் மெருகேறி, விரலுக்குச் சுத்தமான வேர் மாதிரியே தெரியும். உள்ளே நோய் அப்படியே இருக்கும். மேலாக மெல்ல மெல்லச் சீவினாலும் இதே கதிதான். அதனால் காரையின் ஓரத்தில் விளிம்பின் முன் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பதித்து, துண்டு துண்டாகப் பெயர்க்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் சில மில்லிமீட்டர்தான். விரலை மடக்கி இழுத்தால் சீக்கிரம் வலிக்கும், மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து திரும்ப வேண்டும்.

மழுங்கிய கருவியும் காரையை மெருகேற்றத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க விளக்கு போதும். கூரான விளிம்புக்கு அகலம் கிடையாது, ஒளி திரும்பி வராது. மழுங்கினால் அங்கே ஒரு மெல்லிய பரப்பு உண்டாகி வெள்ளைக் கோடாக மின்னும். கோடு தெரிந்தால் சாணைக்கல்லை எடுக்க வேண்டியதுதான். கல்லுக்கும் கருவியின் முகத்துக்கும் நடுவே 100 முதல் 110 பாகை இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் வேரைக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சுரண்டச் சொன்னார்கள். கிருமிகளின் நச்சு வேரின் மேல்தோலுக்குள் ஊறிவிட்டது என்று நம்பியதால். அது மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஈறை ஒட்டிய பகுதியில் சிமென்டம் என்ற அந்த மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதையும் சுரண்டினால் ஜில்லென்று தண்ணீர் பட்டாலே கூசும்.

“க்ளீன் பண்ணி பல்லுல கேப் வந்துச்சு” என்ற புகாருக்கும் பதில் சொல்லிவிடலாம். அந்த இடைவெளி ஏற்கெனவே இருந்தது, காரை அடைத்திருந்தது. வீங்கிய ஈறும் வற்றிச் சுருங்குவதால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வது, ஈறு வேரை எவ்வளவு நெருங்கி ஒட்டியிருக்கிறது என்று அளந்து பார்க்க. நல்ல ஈறில், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் அளவுக்கம்பி 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். 5ஐத் தாண்டி இறங்கி, ரத்தமும் வந்தால், அந்த ஆழத்தில் விரலின் கண்ணும் தடுமாறுகிறது என்று பொருள். அப்புறம் ஈறை விலக்கித் திறந்து, வேரை நேரிலேயே பார்த்துச் சுத்தம் செய்வது பற்றிப் பேச வேண்டியிருக்கும். அங்கேயும் கையில் எடுப்பது இதே க்யூரெட்டைத்தான்.