இரும்புக் கதவு வழியே நுழையும் காரீயம்

"பாட்டி காலத்து ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் குழந்தையின் மூளைக்குக் கெடுதலா?" என்று மயிலாப்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்யப்படுவது, அதனால் பயமில்லை. காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம் கலந்திருந்தால்தான் வம்பு. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வேண்டும். நகைக்கடை காரட் மீட்டரும் அதே தத்துவம்தான்.

நான் திருப்பிக் கேட்பது: குழந்தைக்கு ரத்தசோகை உண்டா?

சிறுகுடலின் தொடக்கத்தில் டிஎம்டி1 என்ற புரதம் இருக்கிறது. இரும்பு அயனியைச் செல்லுக்குள் இழுப்பது அதன் வேலை. ஆனால் அது ஆள் பார்த்து விடும் காவல்காரன் இல்லை. அளவும் மின்னேற்றமும் ஏறத்தாழப் பொருந்தினால் மாங்கனீசு, காட்மியம், காரீயம் எல்லாவற்றையும் விட்டுவிடும். இரும்பு குறைந்தால் உடம்பு இந்தக் கதவுகளைப் பெருக்குகிறது. வரவேண்டிய இரும்பு சாப்பாட்டில் இல்லை. திறந்த கதவில் மற்றவை நுழைகின்றன. நுழைந்த காரீயம், அளவு கூடினால், ஹீமோகுளோபினின் இரும்புப் பகுதியான ஹீமைத் தயாரிக்கும் நொதிகளை முடக்கி ரத்தசோகையை இன்னும் முற்றவைக்கும். என்ன அழகான, கொடுமையான வளையம்!

மூளையில் காரீயம் கால்சியம் வேஷம் போடுகிறது. நரம்பு முனைகள் சமிக்ஞை தரவேண்டிய நேரத்தில் தடுமாறும், தேவையில்லாதபோது கசியும். நரம்பு செல்கள் சமிக்ஞையை வாங்கும் இடங்களில், கற்றலுக்கு வேண்டிய என்எம்டிஏ ஏற்பிகளும் அடைபடும். வெல்டிங் புகையில் வரும் மாங்கனீசு, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியான அடித்தள முடிச்சுகளில் படியும். மெக்சிகோ நகரக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மாங்கனீசு மிகுந்திருந்தவர்களிடம் காரீயத்தின் பாதிப்பும் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் பாதுகாப்பு வரம்புகளை நாம் பெரும்பாலும் ஒவ்வொரு நஞ்சுக்கும் தனியாகத்தான் வகுக்கிறோம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபினோடு காரீயத்தையும் பரிசோதிக்க அரசு ஏன் பணம் ஒதுக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. திருஷ்டிக் கயிற்றுக்குச் செலவழிக்கும் வீடுகளிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது: கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்; அது இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம்; உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். அந்த நேரம் குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். ஜன்னல் கட்டைத் தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரையுங்கள். பொடியில் நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் கலப்பதுண்டு. பளபளக்கும் கிழங்கையும் தவிருங்கள், மேலே பூச்சிருக்கலாம்.