பொருளாகிப் போன சபை

பேனாவும் 'திங்', கவலையும் 'திங்'. ஆங்கிலத்தில் இதைவிடப் பொத்தாம்பொதுவான சொல் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதன் பழைய பொருள் ரொம்பக் கறாரானது: ஊர் கூடி வழக்குத் தீர்க்கும் சபை.

ஐஸ்லாந்தில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர் ஆல்திங்கி. 930-இல் திங்வெட்லிர், அதாவது 'சபைத் திடல்' என்ற வெட்டவெளியில் அது தொடங்கியது. அப்போது சட்டம் எழுத்தில் இல்லை. சட்டம் சொல்பவர் என்றே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் சட்டப் பாறையில் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மொத்தச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட நினைவாற்றல்! நார்வேயின் ஸ்டோர்டிங், டென்மார்க்கின் ஃபோல்கெடிங் ஆகிய நாடாளுமன்றப் பெயர்களிலும் இதே சொல்தான்.

சரி, சபை எப்படிப் பொருளானது? சபையைக் குறித்த சொல் முதலில் அங்கே விசாரிக்கப்படும் வழக்குக்கும் பெயரானது. வழக்கு தளர்ந்து விவகாரம் ஆனது; விவகாரம் விஷயமானது; கடைசியில் கையில் எடுக்கும் எந்தப் பொருளுக்கும் அந்தச் சொல் போதும் என்றாகிவிட்டது. இது வெறும் ஊகம் இல்லை. லத்தீனில் வழக்கைக் குறித்த 'கௌசா' இதே வழியில் நடந்துதான் பிரெஞ்சில் 'ஷோஸ்', இத்தாலியனில் 'கோசா' என்று பொருளைக் குறிக்க வந்தது. தொடர்பில்லாத இரு சொற்கள் ஒரே தடத்தில் போயிருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஒலி மாற்றமும் ஒழுங்கானது. பழைய 'த்' ஒலியை ஆங்கிலமும் ஐஸ்லாந்தியமும் காப்பாற்றிக்கொண்டன. ஜெர்மனில் அது 'டாக்டர்' என்பதில் வரும் டகரமாகவும், டேனிஷ், ஸ்வீடிஷில் 'டீ'யில் வரும் டகரமாகவும் மாறியது. வேறு பல சொற்களிலும் இதே மாற்றம் நடந்திருப்பதால்தான் இவை ஒரு வேரில் பிறந்தவை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அப்புறம், ஒரு கல். வட இங்கிலாந்தில் ரோமர்கள் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில், ரோமப் படையிலிருந்த ஜெர்மானிய வீரர்கள் 3-ஆம் நூற்றாண்டில் 'மார்ஸ் திங்க்சஸ்' என்ற தெய்வத்துக்கு நட்டது. சபையைக் காக்கும் மார்ஸ் என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். மார்ஸ் ரோமர்களின் போர்க்கடவுள்; நம் செவ்வாய். ரோமர்களுக்கும் செவ்வாய்க்கிழமை அவருடைய நாள்தான். ஜெர்மனில் அந்தக் கிழமைக்குப் பெயர் 'டீன்ஸ்டாக்', டச்சில் 'டின்ஸ்டாக்'. இரண்டிலும் முன்பாதி அந்தத் திங்க்சஸ் என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்.