டி.டி.எஸ். மீட்டருக்கு ஈயம் தெரியாது

இந்த மாதமும் ஒரு குடியிருப்போர் சங்கத்தார் வந்தார்கள். அம்பத்தூர் பக்கம் அடுக்குமாடிக் கட்டடம். சமையலறைக் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை சொன்னதும் பதறிப்போய், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்து, சம்புக்குப் பக்கத்தில் ஆளுயர ரெசின் தொட்டி (தண்ணீரில் கரைந்திருப்பதைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகள் நிரப்பியது) ஒன்றை நிறுத்திவிட்டார்கள். உலோகம் எதுவாக இருந்தாலும் இழுத்துவிடும் என்று விற்றவர் அடித்துச் சொன்னாராம். அதற்கு அத்தாட்சியாகச் செயலாளர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியது என்ன தெரியுமா? டி.டி.எஸ். மீட்டர்.

எத்தனை முறைதான் சொல்வது! அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை மட்டும்தான். அதை ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்துள்ள உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று உத்தேசமாகக் காட்டுகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500இன்படி குடிநீரில் ஈயத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது மொத்தக் கரைபொருள், லிட்டருக்கு 800 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் வரம்பைப்போல் பத்து மடங்கு ஈயம் கலந்தாலும் கூடப்போவது வெறும் 0.1. மீட்டரின் திரையில் புள்ளிக்குப் பிறகு இடமே கிடையாது. 800 என்பது 800 ஆகவே நிற்கும். காட்மியத்தின் வரம்பு 0.003, பாதரசத்தின் வரம்பு 0.001. அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

60 காட்டும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம். 900 காட்டும் உப்புத் தண்ணீரில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம். "கேன் தண்ணீர் நாற்பதுதான் காட்டுகிறது, சுத்தம்" என்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. கொதிக்கவைத்துக் குடிக்கிறோம் என்பவர்களிடம் மட்டும் வாதாடுகிறேன். கொதித்தால் கிருமி சாகும், நீர் ஆவியாகும். ஈயம் பாத்திரத்திலேயேதான் இருக்கும்.

நேரில் போய்த் தொட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே கேழ்வரகைவிடச் சிறிய மணிகள். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவியது. உள்ளங்கையில் தேய்த்தால் வழுக்கி ஓடியது. ஆனால் மணியைப் பார்ப்பதற்கு முன்பே, சுவரோரம் சாய்த்துவைத்திருந்த உப்பு மூட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டது. அது சாதாரண சாஃப்ட்னர் ரெசின். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பது, தீர்ந்துபோனால் உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிப்பது. உலோகத்தைக் குறிவைத்துப் பிடிக்கும் கீலேட்டிங் ரெசினைப் புதுப்பிக்க அமிலம் வேண்டும்.

சாஃப்ட்னர் ரெசின் ஈயத்தைத் தொடவே தொடாது என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் பிடிக்கும். ஆனால் லிட்டருக்கு 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கும் தண்ணீரில் ஈயம் 0.04 மில்லிகிராம் என்றால், எடையில் கால்சியம் மூவாயிரம் மடங்கு. ரெசினில் அயனிகள் உட்காரும் இருக்கைகளை யார் நிரப்புவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. போரில் இருந்து நேராக ஒரு மாதிரி, தொட்டிக்குப் பிறகு ஒன்று, மூன்றாம் மாடிச் சமையலறையில் அதிகாலை முதல் தண்ணீர் ஒன்று என்று எடுக்கச் சொன்னேன். ஈயம் கடைசி மாதிரியில்தான் இருந்தது. அதாவது நிலத்தடியிலிருந்து அது வரவே இல்லை. பழைய பி.வி.சி. குழாய்களில் ஈயச் சேர்மங்களை நிலைப்படுத்தியாகக் கலந்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகள் 2021இல்தான் வந்தன. மலிவான பித்தளைக் குழாய்களிலும் ஈயம் உண்டு. இரவெல்லாம் அவற்றுக்குள் தேங்கிய தண்ணீர்தான் காலையில் காப்பிக்குப் போகிறது. விஷம் மூன்றாம் மாடியில், வைத்தியம் தரைத்தளத்தில்! குழாயையும் சமையலறை இணைப்பையும் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். தொட்டி துணி துவைக்க உதவும், இருக்கட்டும்.

கீலேட்டிங் ரெசின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இடமறிந்து வைத்தால் அருமையான சரக்கு. மின்முலாம் பட்டறைகளின் அலசு நீரில் சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கிய பிறகும் மிஞ்சும் நிக்கலையும் செம்பையும், கால்சியக் கூட்டத்துக்கு நடுவிலும் தேடிப் பிடிக்கும். இமினோடையசெட்டிக் வகை அதற்குத்தான். பாதரசத்துக்குத் தயோல் வகை. எல்லாவற்றுக்கும் ஒரே ரெசின் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டறைக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது குரோமியத்தில். ஹெக்ஸாவேலன்ட் (ஆறு இணைதிறன்) குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது. நேர்மின் அயனிக்காகச் செய்த ரெசின் வழியாக அது வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடும். முதலில் பி.எச். 2–3இல் மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூன்று இணைதிறனுக்கு இறக்க வேண்டும். அதன் பிறகுதான் சுண்ணாம்பு. ராணிப்பேட்டையில் மூடிய ஆலை ஒன்று விட்டுப்போன குரோமியக் குப்பைமேட்டிலிருந்து ஆண்டுக்கணக்கில் மஞ்சள் தண்ணீர் கசிந்ததைப் பார்த்த பிறகும் இதை விளக்க வேண்டியிருக்கிறது. ஆர்சனிக்கும் இப்படித்தான், நிக்கலுக்கு வாங்கிய ரெசினில் அடங்காது. முலாம் பூசும் குளியல் கரைசலில் ஈ.டி.டி.ஏ. என்ற, உலோகத்தைக் கட்டிப்போடும் வேதிப்பொருளைச் சேர்ப்பவர்கள் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அது உலோகத்தை ஏற்கெனவே கட்டிப் பிடித்திருந்தால் ரெசினுக்கு என்ன மிஞ்சும்?

ரெசினைப் புதுப்பித்த அமிலத்தை மழைநீர் வடிகாலில் ஊற்றுகிறவர்களே, ஆயிரக்கணக்கான லிட்டரில் பரவியிருந்த விஷத்தைச் சேர்த்து ஒரு வாளிக்குள் கொண்டுவந்து, அந்த வாளியைத் தெருவில் கவிழ்க்கிறீர்கள். அது அபாயக் கழிவு. உலோகத்தை மீட்கலாம், முடியாவிட்டால் முறைப்படி கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புங்கள். சயனைடு அலசு நீர் இருக்கும் பட்டறையில் இந்த அமிலத்தை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் வரும் வாயு நிமிடங்களில் ஆளைக் கொல்லும்.

வீட்டுக்காரர்களுக்கு: எந்தக் கருவியும் வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். "முழுப் பரிசோதனை" என்று பரிசோதனைக் கூடங்கள் செய்வதில் பெரும்பாலும் கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், கிருமி இவைதான் இருக்கும். ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக், நிக்கல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவற்றைச் சோதிக்க அந்தக் கூடத்துக்கு என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதிரியைக் கூடம் தரும் பிளாஸ்டிக் பாட்டிலில் மட்டும் எடுங்கள். சோடா பாட்டிலைக் கழுவிக் கொண்டுவராதீர்கள். பாட்டிலில் அமிலம் சொட்டியிருந்தால் கொட்டிக் கழுவிவிடாதீர்கள், அது உலோகம் சுவரில் ஒட்டாமலிருக்கப் போட்டது. விற்பவரிடம் எந்த உலோகத்துக்கான ரெசின், எத்தனை லிட்டருக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்த அமிலம் எங்கே போகும் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டாரிடம் மட்டும் கொஞ்சம் தணிந்து கேட்டுக்கொள்கிறேன். இந்த அளவுவரை ஈயம் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் குழந்தைகளுக்கு இல்லை, அது மூளை வளர்ச்சியைத்தான் தொடும். காலையில் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீர் ஈயத்தை இன்னும் எளிதாகக் கரைக்கும். அதனால் கீசர் தண்ணீரில் பால் பவுடர் கலக்காதீர்கள், சோறும் வைக்காதீர்கள்.