எச்சில் குப்பிக்குள் ஒரு குடும்பம்

மரபணு ஆலோசனைக்கு யார் வந்தாலும் முதலில் வெள்ளைத்தாளில் குடும்பத்தை வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவே இரட்டைக் கோடு. அத்தை மகன், தாய்மாமன் என்று நம்மூரில் இரட்டைக் கோட்டுக்குப் பஞ்சமே இல்லை.

போன மாதம் ஒரு பெண், ஆராய்ச்சிக்கு ரத்தம் தரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனவர், "மேடம், இதுல என் தம்பி கையெழுத்து வேண்டாமா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடப்பிறந்தவர்களின் மரபணுவில் சராசரியாகப் பாதி ஒன்றுதான். அந்தக் குழாயில் தம்பியும் இருக்கிறாரே!

2018-இல் கலிபோர்னியாவில் பல வருடமாகத் தேடிய தொடர் கொலைகாரன் சிக்கினான். தூரத்துச் சொந்தக்காரர்கள் வம்சாவளி தேட இணையத்தில் ஏற்றிய மரபணு விவரம் காட்டிக்கொடுத்தது. சரி, அது நல்லதற்கு. 2023-இல், குப்பியில் எச்சிலை வாங்கி மரபணுப் பரிசோதனை செய்து தரும் அமெரிக்காவின் 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' நிறுவனத்தில் இணையத் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் போய்விட்டது. 2025-இல் அதே நிறுவனம் திவால் மனு போட்டபோது, விற்பனைக்கு வந்த சொத்தில் வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் ஒன்று.

அதற்காக ரத்தம் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிக்காக மரபணு, உடல்நல விவரங்களைச் சேர்த்து வைக்கும் பிரிட்டனின் யூகே பயோபேங்கில் 5 லட்சம் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி. நம் ஆட்களின் மாதிரி குறைவாக இருப்பதால், இங்கே வரும் பரிசோதனை முடிவுகளில் 'பொருள் தெரியாத மாற்றம்' என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். "அப்படின்னா நோயா, இல்லையா?" என்று கேட்பவரிடம் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்திருக்கிறார்கள். இத்தனை சாதி, சாதிக்குள்ளேயே இத்தனை கல்யாணம் உள்ள நாட்டுக்கு அது ஆரம்பம்தான்.

அந்தப் பெண்ணிடம் படிவத்தைக் கொடுத்தனுப்பினேன். மறுவாரம் தம்பியும் வந்தார். எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், வேறு கம்பெனிக்குக் கொடுப்பார்களா, அப்புறம் வேண்டாம் என்றால் அழிப்பார்களா என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் படிவத்திலேயே பதில் இருந்தது. மூன்றாவதற்கு, இனிமேல் பயன்படுத்த மாட்டோம், ஏற்கெனவே பகிர்ந்ததைத் திரும்பப் பெற முடியாது என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகுதான் அக்காவிடம் பேனாவை நீட்டினார்.