இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடியை மாற்றாதீர்கள்

போன வாரம் ஒருவர் புதுக் கண்ணாடியோடு வந்தார். மூன்று வாரமாக எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறதாம். பவர் கூடியிருக்கும் என்று ஒரு தடவை கண்ணாடி மாற்றினார். சரியாகவில்லை என்று மறுபடியும் மாற்றினார். இடது கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடினால்? அப்போதும் ஒன்றுதான். பிறகு என் விரலைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னேன். இடது கண் மூக்குப் பக்கம் தாராளமாகப் போனது. காதுப் பக்கம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மூளையிலிருந்து வந்து கண்ணைக் காதுப் பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பில் கோளாறு. இந்த மாதத்தில் இப்படிக் கண்ணாடி மாற்றிவிட்டு வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

பவர் மாறினால் மங்கும். தெளிவான ஒரு உருவம் திடீரென்று தெளிவான இரண்டு உருவமாகாது. ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணில் நிழல்போல இரட்டையாகத் தெரிகிறதா? அது அந்தக் கண்ணுக்குள் இருக்கும் கோளாறு. கண்புரையாக இருக்கலாம், கண் வறட்சியாகவும் இருக்கலாம். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறதா? அப்படியென்றால் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. கண்ணை அசைக்கும் தசையிலோ நரம்பிலோதான் தேட வேண்டும். பவரை எவ்வளவு கூட்டினாலும் அது நேராகாது. ஒளியை வளைத்து இரண்டு உருவத்தையும் ஒன்றுசேர்க்கும் பிரிசம் கண்ணாடி என்று ஒன்று உண்டு; அதையும் காரணம் தெரிந்த பிறகே கொடுப்போம்.

கண்ணைக் கீழ்ப்பக்கம் திருப்ப உதவும் நான்காவது நரம்பில் கோளாறு என்றால் படி இறங்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் குறையும். பழைய போட்டோ இருந்தால் எடுத்து வாருங்கள் என்று கேட்பது இதற்காகத்தான். 20 வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே சாய்வு இருந்தால் பெரும்பாலும் பிறவிக் கோளாறு, எனக்கும் நிம்மதி.

சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு நரம்புக்குப் போகும் சிறு ரத்தக் குழாய் அடைபட்டு இப்படி ஆவதுண்டு. பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தேறிவிடும். ஆனால் சுகர்தான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை இறங்குகிறது, இரட்டை கூடுகிறது என்றால் மயஸ்தீனியா, அதாவது நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய், இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என்றைக்கு ஆரம்பித்தது, எந்த நேரத்தில் கூடுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு நடக்கலாம்.

இமையைத் தூக்கும் மூன்றாவது நரம்பில் கோளாறு என்றால்தான் எனக்குப் பயம். இமை இறங்கி, கண்ணின் பாப்பா ஒரு பக்கம் மட்டும் பெரிதாகி, தலைவலியும் சேர்ந்தால் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வீங்கி நரம்பை அழுத்தலாம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இதில் ஒரு கண்ணாமூச்சியும் உண்டு: இமை முழுசாக மூடிக்கொண்டால் இரட்டை தெரியாது. சரியாகிவிட்டது என்று படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து தூங்காதீர்கள். அந்த இமையை விரலால் தூக்கிப் பாருங்கள், இரண்டாகத் தெரிந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். தலைவலியோடு பாப்பா பெரிதாக இருந்தால் இரண்டாகத் தெரியாவிட்டாலும் போங்கள்.